எஸ் வார்டு அண்ணாச்சி

மும்பையில் தமிழர் குடியிருக்கும் எந்தச் சாலுக்குள், அதாவது வரிசைவீட்டுக் குடியிருப்புக்குள், நுழைந்தாலும் மூன்று பேர் கட்டாயம் இருப்பார்கள். சீட்டுப் பிடிக்கிற அக்கா, ஊருக்கு ரயில் டிக்கெட் போட்டுத் தருகிற தம்பி, வார்டு ஆபீஸ் அண்ணாச்சி. முதல் இருவருக்கும் அதில் நாலு காசு உண்டு. மூன்றாமவருக்குக் கிடைப்பது ஒரு கட்டிங் சாய். அதற்கும் பெரும்பாலும் அவரே காசு கொடுத்துவிடுவார்.

நமது அண்ணாச்சி பாண்டுப் மேற்கில், மலையைப் பார்த்து ஏறுகிற சந்துகளில் ஒன்றில் இருக்கிறார். எந்தச் சந்து என்று கேட்காதீர்கள். டெம்பிபாடாவிலும் இருக்கிறார், கோகண் நகரிலும் இருக்கிறார். செம்பூரில் இருந்தால் அவர் எம் மேற்கு, மாட்டுங்காவில் எஃப் வடக்கு, தாராவியில் ஜி வடக்கு. ஆள் ஒன்றுதான், எழுத்துதான் வேறு.

பிழைக்க வந்தது திருநெல்வேலிப் பக்கத்திலிருந்து. எல்.பி.எஸ். மார்க்கில் ஒரு பெயிண்ட் கம்பெனியில் தலை நரைக்கும்வரை வேலை பார்த்தார். ஓய்வு என்று கம்பெனி கொடுத்தது, அவர் வாங்கிக்கொள்ளவில்லை. அரைக்கைச் சட்டைப் பையில் எப்போதும் இரண்டு பேனா. பாரம் நிரப்பக் கறுப்பு, கையெழுத்துப் போட நீலம். தோளில் ஒரு ரெக்சின் பை. உள்ளே அக்கம்பக்கத்தாரின் ஆதார் நகல், ரேஷன் கார்டு நகல், லைட் பில், கோந்து பாட்டில். தனியாக ஒரு கவரில் நாலைந்து பாஸ்போர்ட் சைஸ் போட்டோ. அதில் இரண்டு பேர் காலமாகி வருஷமாகிவிட்டது. "இருக்கட்டும்லே, வாரிசு கேஸ் இன்னும் முடியல" என்று திரும்ப உள்ளே வைத்துக்கொள்வார்.

மும்பை மாநகராட்சி இந்த ஊரை எழுத்து எழுத்தாகப் பிரித்து வைத்திருக்கிறது. தெற்கே கோட்டைப் பக்கம் ஏ-யில் தொடங்கி முலுண்டின் டி (T)-யில் முடிகிற வரிசையில் பாண்டுப், காஞ்சூர்மார்க், விக்ரோலி எல்லாம் எஸ். இடையில் ஐ, ஜே, ஓ, க்யூ ஆகிய எழுத்துகளுக்கு வார்டு கிடையாது. ஊரிலிருந்து புதிதாக வந்து இறங்குகிறவர்களுக்கு அண்ணாச்சி நடத்தும் முதல் பாடமே இதுதான்: "க்யூன்னு தனியா ஒரு வார்டு கெடையாது, கேட்டியா. எல்லா வார்டுலயும் வச்சிருக்காவ."

விடிந்தால் கையில் தினத்தந்தி மும்பைப் பதிப்பு. மற்றவர்கள் ராசிபலனுக்குப் போவார்கள். இவர் ஏரிக்குப் போவார். மழைக்காலத்தில் அண்ணாச்சியிடம் நலம் விசாரிப்பது வீண் வேலை. "எப்படி இருக்கிய அண்ணாச்சி?" என்றால், "துளசி ரொம்பிட்டு. விஹாருக்கு இன்னும் கொஞ்சந்தான். பாட்சாவ நெனச்சாத்தான் கவலையா இருக்கு" என்பார். ஊரிலிருந்து வந்த சம்பந்தி ஒருவர், "துளசி யாரு, மூத்த பொண்ணா?" என்று கேட்டதுண்டு.

மும்பைக்குக் குடிதண்ணீர் தருவது ஏழு ஏரிகள். ஏழும் நிறைந்தால் 14,47,363 மில்லியன் லிட்டர். அக்டோபர் 1-ஆம் தேதி கணக்கில் நிறைந்திருந்தால் அடுத்த மழைவரை கவலையில்லை. குறைந்தால் பானி கபாத், அதாவது தண்ணீர் வெட்டு. இந்த ஏழு இலக்க எண்ணை அண்ணாச்சி காகிதம் பார்க்காமல் சொல்வார். கல்யாண நாள் என்றைக்கு என்று அவர் மனைவி கேட்டால் மட்டும் காலண்டரைத் தேடுவார். பவாய் ஏரி நிரம்பி வழிகிறது என்று யாராவது சந்தோஷப்பட்டால் போதும், சாயைக் கீழே வைத்துவிடுவார். "அது குடிக்கித தண்ணி இல்லப்பா. அது நம்ம கணக்குலயே வராது."

ஏரிக்கு அடுத்தது கடல். பருவமழை மாதங்களில் 4.5 மீட்டருக்கு மேல் அலை எழும் நாள்களையும் நேரத்தையும் மாநகராட்சி ஆண்டுதோறும் முன்கூட்டியே வெளியிடும். அந்தப் பட்டியலை அண்ணாச்சி ஜெராக்ஸ் எடுத்து, மஞ்சள் தடவாத குறையாக, பஞ்சாங்கம்போல் ஆணியில் மாட்டி வைத்திருக்கிறார். 2005 ஜூலை 26 அன்று சாந்தாகுரூஸில் ஒரே நாளில் 944 மில்லிமீட்டர் கொட்டியதைப் பார்த்த ஊர் இது. ஆகவே சாலில் கல்யாணம் வைத்தால், ஐயர் நாள் குறித்த பிறகு அண்ணாச்சியிடமும் ஒரு வார்த்தை கேட்டுக்கொள்கிறார்கள். முகூர்த்தம் நல்லதாக இருந்து அலை கெட்டதாக இருந்தால் சொந்தக்காரர்கள் தாதரோடு நின்றுவிடுவார்கள்.

தண்ணீர் விஷயத்தில் அண்ணாச்சிக்கு ஊர்ப்பெருமையும் உண்டு. ஆசியாவிலேயே பெரியவற்றில் ஒன்றான தண்ணீர் சுத்திகரிப்பு நிலையம் பாண்டுப்பில்தான் இருக்கிறது. நகரத்தின் பெரும்பகுதிக்குக் குடிதண்ணீர் அங்கிருந்துதான் போகிறது. மலபார் ஹில் பணக்காரர் தம்ளரைத் தூக்கினால்கூட, "நம்ம ஊர்த் தண்ணிதான குடிக்காரு" என்பார். அந்த நிலையத்துக்குள்ளேயே 2021 ஜூலை 18 அன்று மழை வெள்ளம் புகுந்தது. மின் சாதனங்கள் நின்று ஊரில் பல பகுதிகளுக்குக் குடிதண்ணீர் இல்லை. வெளியே இடுப்பளவு தண்ணீர், குழாயில் சொட்டு இல்லை. புகார் எழுதக் கறுப்புப் பேனாவை எடுத்த அண்ணாச்சி வெகுநேரம் யோசித்தார். "தண்ணி ஜாஸ்தியானதால தண்ணி வரலைன்னு மராத்தியில எப்படிலே எழுதது?"

மராத்தி அவருக்குத் தெரியும். ஆனால் அவர் பேசும் மராத்தியில் எல்லா வாக்கியமும் "பாத்துக்கிடுங்க" என்கிற இழுப்பில்தான் முடியும். எதிரே இருப்பவர்கள் அதை மரியாதை என்று எடுத்துக்கொள்கிறார்கள். காரியம் நடப்பதில் பாதி அந்த இழுப்பினால்தான்.

பிறப்புச் சான்றிதழ் விவகாரத்தில்தான் அவருடைய முழுத் திறமையும் வெளிப்படும். மராட்டிய வழக்கத்தில் ஒருவருக்குப் பெயர், அப்பா பெயர், ஆட்நாவ் எனும் குடும்பப் பெயர் என்று மூன்று வேண்டும். 2024 மே 1 முதல் பிறந்த பிள்ளைகளுக்கு நடுவில் அம்மா பெயரும் சேர்ந்துவிட்டது. ஆக நான்கு கட்டம். நம் ஆள் கையிலிருப்பதோ ஒரு பெயரும் ஒரு புள்ளி வைத்த எழுத்தும்.

அன்றைக்கு ஒரு தம்பி, தலைப்பிள்ளைக்காரனைப்போல் திருதிருவென்று விழித்துக்கொண்டு நின்றான். உண்மையில் அவனுக்கு இது இரண்டாவது.

"ஆட்நாவ் காய்?" என்றார் கவுண்டர்காரர்.

"எஸ்."

"எஸ் மஞ்ஜே காய்? வார்டா?"

அண்ணாச்சி முன்னே வந்தார். "வார்டு இல்ல சாஹேப், அவன் அப்பா" என்று மராத்தியில் விளக்கிவிட்டு, தம்பியை ஓரமாகக் கூட்டிப்போனார்.

"மூத்தவனுக்கு என்னலே எழுதுன?"

"எம் பேரையே ஆட்நாவா எழுதிட்டாங்க அண்ணாச்சி. அது தப்பாம்லா? இப்ப தாத்தா பேர எழுதிரட்டுமா?"

"எழுதுவ, எழுதுவ. பதினெட்டு வருஷம் கழிச்சு ரெண்டு பேரும் பாஸ்போர்ட்டுக்கு நிக்கும்போது நீ அண்ணன், நான் தம்பின்னு எவன் நம்புவான்? மூத்தவனுக்கு எழுதுனதையே எழுது. சரியா தப்பாங்கிறது முக்கியமில்ல. ரெண்டும் ஒரே தப்பா இருக்கணும்."

சர்க்கார் காகிதங்களைப் பற்றி இதைவிடச் சுருக்கமாக யாரும் சொல்லி நான் கேட்டதில்லை.

மாநகராட்சிச் சட்டம் 1888-ல் வந்தது. அதன் சில பிரிவுகள் அண்ணாச்சிக்குச் சொந்தக்காரர் வீட்டு எண்கள் மாதிரி மனப்பாடம். அனுமதியில்லாமல் கட்டினால் 351, இடிந்து விழும் நிலையில் இருந்தால் 354. யாராவது மொட்டைமாடியில் நாலு செங்கல்லை அடுக்கினால், "முந்நூத்தம்பத்தொண்ணு வந்துரும், ஜாக்கிரத" என்று போகிற போக்கில் சொல்லிவிட்டுப் போவார். அடுக்கியவருக்கு இரவு தூக்கம் வராது. இட்லிக் கடைக்காரர் பலகை மாற்றியதும் இவர் மேற்பார்வையில்தான். கடைப் பலகையில் மராத்தி இருக்க வேண்டும், மற்ற மொழி எழுத்தைவிட அது சிறிதாக இருக்கக்கூடாது என்ற விதியை நிறைவேற்ற உச்ச நீதிமன்றம் 2023 செப்டம்பரில் இரண்டு மாதக் கெடு கொடுத்தபோது, அண்ணாச்சி தையற்கடை இஞ்ச் டேப்பை இரவல் வாங்கிக்கொண்டு ஸ்டூல்மேல் ஏறினார். "இட்லி"யின் தமிழ் மேல்விலங்கு மராத்தியைவிடக் கால் இஞ்ச் உயரம். பெயிண்ட் கம்பெனிக்காரர் அல்லவா, தாமே திருத்தினார். இன்றும் அந்தக் கடையில் "இட்லி" கொஞ்சம் அமுங்கித்தான் இருக்கிறது.

இந்தக் காலத்துப் பிள்ளைகளுக்கு இவரைப் பார்த்தால் சிரிப்பு. "எல்லாம் ஆன்லைன்ல இருக்கு அண்ணாச்சி. ரெண்டு தட்டுத் தட்டுனா முடிஞ்சிரும்" என்பார்கள். தட்டுவார்கள். ஓடிபி போகும். போகிற நம்பர் ஊரில் மாடு மேய்க்கிற சித்தப்பாவிடம் இருக்கும். அண்ணாச்சி ஆன்லைனுக்கு விரோதி அல்ல. அவரும் ஆன்லைனில்தான் புகார் கொடுப்பார். பிறகு அதை அச்செடுத்து, மூன்று ஜெராக்ஸ் போட்டு, வார்டு ஆபீஸுக்கு நடந்துபோய் இன்வர்ட் முத்திரை வாங்கி வருவார். அவருக்கு அந்த வட்ட முத்திரை விழுகிற 'டொப்' சத்தம் வேண்டும். போனில் அது கேட்பதில்லை.

பட்ஜெட் வந்தால் அவருக்குத் தீபாவளி. 2025-26-க்கு மாநகராட்சி போட்டது 74,427 கோடி ரூபாய். இந்தியாவில் வேறெந்த மாநகராட்சிக்கும் அவ்வளவு இல்லை. பேப்பரை மடியில் விரித்துக்கொண்டு விரலால் ஒவ்வொரு வரியாகத் தடவினார். "என்ன அண்ணாச்சி தேடுதிய?" "நம்ம சந்து டக்கன் எதுல வருதுன்னு பாக்கேன்."

டக்கன் என்றால் சாக்கடை மூடி. இதில் மட்டும் அவர் விளையாட மாட்டார். 2021 ஜூனில், மழைத்தண்ணீர் மூடிய பாண்டுப் நடைபாதையில் திறந்த குழி தெரியாமல் இரண்டு பெண்கள் விழுந்து, நல்லவேளையாகத் தப்பிய காட்சி நாடு முழுக்க ஓடியது. அதிலிருந்து மழைக்காலத்தில் அண்ணாச்சி சந்தில் நடக்கும்போது கண் தரையில்தான் இருக்கும்.

போன மழையில் சந்து முனையிலிருந்த டக்கன் பிளந்தது. அண்ணாச்சி முதலில் ஒரு மூங்கில் கழியை நட்டு, வீட்டம்மாவின் பழைய சிவப்பு ரவிக்கையைக் கட்டினார். பிறகு 1916-க்குப் போன் போட்டு, புகார் எண்ணை டைரியில் எழுதி, அடியில் இரண்டு கோடு கிழித்தார். மறுநாள் காலை இஸ்திரிச் சட்டை. பையில் விண்ணப்பம் மூன்று பிரதி, போட்டோ இரண்டு, நடைபாதைச் சம்பவத்தின் பேப்பர் கட்டிங் ஒன்று. இன்ஜினியர் இப்படிக் கேட்டால் அப்படிச் சொல்ல வேண்டும் என்று முணுமுணுத்துக்கொண்டே முனைக்கு வந்தவர் நின்றுவிட்டார்.

புது டக்கன். சிமெண்ட்கூடக் காயவில்லை.

"போட்டுட்டானுவளே..." என்றார். பெண் பார்க்கப் போன இடத்தில் நிச்சயம் முடிந்துவிட்டது என்று கேள்விப்பட்டவர் குரல். பக்கத்து வீட்டக்கா, "உங்களாலதான் அண்ணாச்சி" என்று கையெடுத்துக் கும்பிட்டாள். அவர் காதில் விழவில்லை. பையின் ஜிப்பைத் திறந்தார், மூடினார். ஒரு காலை எடுத்து மூடிமேல் வைத்து மெல்ல அழுத்திப் பார்த்தார். குனிந்தார். முகம் மலர்ந்தது.

"லெவல் சரியில்ல. அரை இஞ்ச் மேல நிக்கி. ராத்திரி வாரவன் தடுக்கி விழுவானா மாட்டானா?" கறுப்புப் பேனா வெளியே வந்தது.

2022 மார்ச்சில் மாநகராட்சி உறுப்பினர்களின் பதவிக்காலம் முடிந்து, ஏறக்குறைய நான்கு வருஷம் ஊரில் கார்ப்பரேட்டரே இல்லாமல் நிர்வாகி கையில் எல்லாம் ஓடியது. 227 நாற்காலியும் காலி. அந்த நாள்களில் அண்ணாச்சி வீட்டு வாசலில் செருப்பு வைக்க இடமிருக்காது. ஒருவழியாக 2026 ஜனவரி 15-ல் தேர்தல் என்று அறிவித்ததும் சால் மொத்தமும் திரண்டு வந்தது.

"அண்ணாச்சி, இந்தத் தடவ நீங்கதான் நிக்கணும். எந்தக் கட்சியும் வேண்டாம். வீட்டுக்கு வீடு நாங்க போறோம்."

அண்ணாச்சி எல்லோருக்கும் சாய் சொன்னார். வந்ததும் தம்முடையதை ஆற்றி ஆற்றிக் குடித்தார். கிளாஸைக் கீழே வைத்தார்.

"நின்னா ஜெயிச்சிருவேன்லே" என்றார். "ஜெயிச்சிட்டா, பெறகு நான் யாருகிட்டப் போயி புகார் குடுக்கது?"