நாலு தறிக்காரருக்கு ரெண்டு தூளி

வாங்க மாப்ள, உக்காருங்க. டீக்கு நான் சொல்றேன். நெம்பக் களைச்சுப் போயிருப்பீங்க. ரெட்டைப் புள்ளைக்கு அப்பன்னா சும்மாவா? ஜலகண்டாபுரத்துல எந்த டீக்கடைக்குப் போனாலும் உங்க கஷ்டத்தைப் பத்தித்தான் பேச்சு. நீங்களே கடைக்குக் கடை போய்ச் சொன்னா அப்பறம் பேச்சு இருக்காதா? எம் பேத்தி படற பாட்டை மட்டும் ஆரும் பேசறதில்லை. அவளுக்கு டீக்கடைக்கு வர நேரம் இல்லீங்களே.

முழுகாம இருக்கறப்ப அவ ஒட்டு வாழப்பழம் தின்னாளாம், அதனாலதான் ரெட்டையாப் பொறந்துச்சுன்னு உங்கம்மா ஒரம்பரைக்கெல்லாம் சொல்லிக்கிட்டு இருக்காங்க. சொல்லட்டும். டாக்டரம்மா சொன்னது வேற. ஒரே கரு ரெண்டாப் பிரிஞ்சா அச்சு அசல் ஒண்ணுபோலப் பொறக்குமாம், அது எந்த வீட்டுக்கும் தற்செயலா வர்றது. ரெண்டு கருமுட்டையில உண்டாகற ரெட்டைதான் வம்ச வழியா வர்றது, அதுவும் தாய் வழி. அப்ப ஒண்ணு தற்செயல், இல்லாட்டி எங்க வீட்டுப் பெருமை. ரெண்டுலயும் நீங்க மீசையை முறுக்க எடம் இல்லை பாருங்க. கேரளாவுல மலப்புரம் பக்கம் கொடிஞ்ஞின்னு ஒரு ஊரு, தெருவுக்குத் தெரு ரெட்டைப் புள்ளைங்க. ஆராய்ச்சிக்காரங்க வந்து பாத்தும் காரணம் புடிபடலையாம். அங்கயும் அப்பனுங்க எந்நேரமும் டீக்கடையிலதானான்னு ஆரும் ஆராயலை போல.

பொண்ணு கேட்டு வந்தப்ப தரகர் என்ன சொன்னாரு? "மாப்ள ஒத்தை ஆளா நாலு தறி ஓட்டுவாருங்க"ன்னு. நானும் வந்து பாத்தேன், பொய் இல்லை. இந்தப்பக்கம் தார் தீந்தா மாத்தறீங்க, அந்தப்பக்கம் பாவுல ஒரு இழை அறுந்தா ஓடிப்போய் முடிச்சுப் போடறீங்க. அவ்வளவு இரைச்சல்ல எந்தத் தறி மக்கர் பண்ணுதுன்னு காதுலயே கண்டுபிடிக்கறீங்க. ஆனா வீட்டுல, ரெண்டே தூளியில ஒண்ணு சிணுங்குனா, படுத்த எடத்துல இருந்து "ஏய், புள்ள அழுவுது பாரு!"ன்னு ஒரு சத்தம். தறியில இழை அறுந்தா மொதலாளியைக் கூப்பிட்டு "இழை அறுந்துருச்சு பாருங்க"ன்னா சொல்றீங்க?

கணக்கு உங்களுக்குத் தெரியாததா! மீட்டர் கணக்குல கூலி வாங்கறவரு. பச்சைப் புள்ளைக்கு ஒரு நாளைக்கு எட்டுல இருந்து பன்னெண்டு தடவை பால் குடுக்கணும். ரெண்டுன்னா பதினாறு, இருவத்துநாலு. ஒவ்வொரு தடவையும் தூக்கணும், குடுக்கணும், தோள்ல போட்டு ஏப்பம் எடுக்கணும், துணி மாத்தணும், தூங்க வெக்கணும். அதுக்குள்ள மொத புள்ளைக்குத் திரும்பப் பசி வந்துரும். இதுல பால் குடுக்கறது ஒண்ணுதான் மாப்ள உங்களால ஆகாத வேலை. மிச்சத்துக்கெல்லாம் கையி ரெண்டு இருந்தாப் போதும். ராத்திரி ஒண்ணைக் கொண்டுவந்து அவ கையில குடுத்து, குடிச்சு முடிச்சதை வாங்கி, அடுத்ததைக் குடுக்கறதுக்குப் பட்டமா வேணும்?

"ரெண்டுக்குப் பால் பத்தாது, டப்பாப் பால் வாங்குங்க"ன்னு உங்க பெரியம்மா வந்து சொல்லிட்டுப் போச்சாமே. நர்சம்மாவைக் கேட்டுப் பாருங்க. புள்ளைங்க சப்பச் சப்பத்தான் பால் சொரக்கும், ரெண்டு சப்புனா ரெண்டுக்குத் தக்கன சொரக்கும். அதுக்கு அவ சோறு திங்கணும், தூங்கணும். நேத்து மத்தியானம் மூணு மணிக்குத்தான் அவ சாப்பிட்டாளாம். நீங்க பன்னெண்டரைக்கே முடிச்சுட்டீங்கன்னு கேள்விப்பட்டேன். ஏப்பம் இங்க வரைக்கும் கேட்டுச்சு.

உங்களுக்குன்னே ஒரு வேலை இருக்குது, கேளுங்க. புள்ளைங்க ரெண்டும் ரெண்டரைக் கிலோவுக்குக் கீழ. எடை கொறைஞ்ச புள்ளையை வெறும் நெஞ்சுல நிமித்திச் சாய்ச்சு, மேல துணி சுத்திக் கட்டிக்கிட்டா, நம்ம ஒடம்புச் சூட்டுலயே அது தேறும். கங்காரு முறைங்கறாங்க. பேரைக் கேட்டு ஆஸ்திரேலியாக்காரன் வேலைன்னு நெனச்சேன். இல்லை, 1978-ல கொலம்பியா நாட்டுல, பொகோட்டா ஆஸ்பத்திரியில, புள்ளைகளை வெக்கற சூட்டுப்பெட்டி பத்தாம எட்கர் ரேன்னு ஒரு டாக்டரு ஆரம்பிச்சது. இன்னைக்கு உலகமே செய்யுது. அம்மாதான் கட்டணும்னு சட்டம் இல்லை, அப்பனும் கட்டலாம். அவ ஒண்ணைக் கட்டுனா நீங்க ஒண்ணைக் கட்டுங்க. வெயில் காலத்துல சட்டை இல்லாமத் திண்ணையில உக்காந்து சும்மாத்தானே விசிறிக்கிறீங்க? அந்த நெஞ்சுக்கு ஒரு வேலை ஆச்சு. ஒண்ணு மட்டும் சொல்லிப்புடறேன், பீடி நாத்தத்தோட புள்ளைக்குக் கிட்ட வராதீங்க.

துணிச் சங்கதிக்கு வாங்க. லுங்கி, வேட்டி, சேலைன்னு ஊரே நெய்யுது, உங்க வீட்டுல மட்டும் பீத்துணிக்குப் பஞ்சம்! டயப்பருக்கு ஆகற காசைக் கடையில சொல்லிப் பொலம்பறதுக்குப் பதிலா, நாலு பழைய வேட்டியைக் கிழிச்சு, வெந்நியில அலசிக் காயப் போடுங்க. கொடி உசரமா இருக்குது, அவ எட்டிப் போடறது செரமம். உங்களுக்கு எட்டும்.

ரெண்டும் ஒரே சாடைங்கறீங்க. போன வாரம் ஒண்ணுக்கே ரெண்டு தடவை மருந்து ஊத்திட்டு, இன்னொண்ணை அப்படியே வுட்டுட்டீங்களாம். ஒண்ணுக்குக் கருப்பு அரணாக்கவுறு, ஒண்ணுக்குச் செவப்பு. காலண்டர்ல ரெண்டு கோடு போட்டு ஊத்துனதைக் குறிச்சு வையுங்க. கூலி நோட்டு எழுதத் தெரியுதுல்ல?

தூளியைத் தறிக்கொட்டாயில கட்டலாம், சத்தத்துல நல்லாத் தூங்குதுன்னு சொன்னீங்களாம். தூங்கும், கரண்டு போனாத்தான் முழிச்சு அழும். ஆனா வேண்டாம். பஞ்சுத் தூசி அந்தச் சின்ன நெஞ்சுக்கு ஆகாது. சத்தம் என்ன பண்ணும்னு, தறிச் சத்தத்துல கெட்டுப்போன எங்காதைப் பாத்தாத் தெரியாதா? நீங்க முணுமுணுன்னு என்னைத் திட்டறது பாதிதான் கேக்குது.

எங்க காலத்துல பெரியவங்க முன்னால சொந்தப் புள்ளையைத் தூக்குனா மரியாதைக் கொறைச்சல்னு சொல்லி நாங்க தப்பிச்சுக்கிட்டோம். அப்ப வீட்டுல ஆயா, அத்தை, சித்தின்னு ஏழெட்டுக் கையி இருந்துச்சு. இப்ப இருக்கறது அவ கையி ரெண்டு, எங்க மருமவ கையி ரெண்டு. மருமவளும் தார் சுத்தப் போகணும். அதனால அந்த மரியாதையை நீங்க எடுத்துக்க வழியில்லை.

"லீவு ஆரு குடுக்கறா"ங்கறீங்க. அது நெசம், அதுல நான் கிண்டல் பண்ண மாட்டேன். 2017-ல திருத்துன பேறுகாலச் சட்டம் வேலைக்குப் போற பொம்பளைங்களுக்கு 26 வாரம் சம்பளத்தோட லீவு குடுத்துச்சு. அப்பனைப் பத்தி அதுல பேச்சே இல்லை. மத்திய சர்க்கார் உத்தியோகஸ்தருக்கு 15 நாளு. தறி ஓட்டறவனுக்கு ஓட்டுன அன்னைக்குத்தான் கூலி. அப்ப ராத்திரி லீவு போடுங்க: பொழுதோட தறி நின்னப்பறம் ஒம்பது மணி வரைக்கும் நீங்க செல்போன் பாக்கற நேரம் சும்மாத்தானே கெடக்குது?

முத்துலட்சுமி ரெட்டி பேறுகால உதவித் திட்டத்துல 18,000, ரெட்டைங்கறதால 36,000 வருமான்னு ஆபீசுல கேட்டீங்களாமே! சிரிச்சே செத்தேன் மாப்ள. அது பிரசவத்துக்குக் கணக்கு, தலைக்குக் கணக்கு இல்லை. அந்தப் பணமும் அவ திங்கறதுக்குத்தான், உங்க வண்டித் தவணைக்கு இல்லை.

கழுதைப்பால்காரன் தெருவுல கூவிக்கிட்டு வருவான், உங்கம்மா சங்கை எடுத்துக்கிட்டு ஓடுவாங்க. தடுங்க. வசம்பு, சக்கரைத்தண்ணி, தேனு, எதுவும் வாயில வெக்க வேண்டாம். ஆறு மாசத்துக்குத் தாய்ப்பால்தான், பச்சைத் தண்ணிகூட வேண்டாம்னு டாக்டரம்மா சொல்லியிருக்காங்க. உங்கம்மாகிட்ட இதை நீங்கதான் சொல்லணும். எம் பேத்தி வாயால சொன்னா வீட்டுல பானை உருளும்.

பேரு தேடறேன்னு ராத்திரியெல்லாம் போனும் கையுமா இருக்காதீங்க. பொறப்பை 21 நாளுக்குள்ள பதிஞ்சிருக்கணும், ஆஸ்பத்திரியில பதிஞ்சுட்டாங்களான்னு கேட்டுக்குங்க. பேரைச் சேக்க ஒரு வருசம் காசில்லாம டைம் இருக்குது. சர்டிபிகேட்டு தனித்தனியா ரெண்டு வாங்கணும், மறந்துறாதீங்க.

டீ ஆறுது, குடிங்க. வர்ற புதங்கெழமை ஆரம்ப சுகாதார நிலையத்துல ஆறாவது வார ஊசி. அன்னைக்குக் காலையில தறிக்குப் போகாதீங்க. அட்டை ரெண்டையும் எடுத்துக்கிட்டு, புள்ளை ஒண்ணை நீங்க தூக்கிக்கிட்டுப் போங்க.