வயசு ரெண்டே முக்கால், வளர்த்தி நாலு!

கே: என் மகனுக்கு ரெண்டே முக்கால் வயது. உயரம் 100 செ.மீ. பார்க்கிறவர்கள் எல்லாம் நாலு வயசா என்று கேட்கிறார்கள். லீவுக்குச் சென்னை தீம் பார்க் போகிறோம். பிறப்புச் சான்றிதழைக் காட்டினால் டிக்கெட் இல்லாமல் விடுவார்களா?
- ஓர் அம்மா, வேங்கிக்கால்

ப: சான்றிதழை எடுத்துப் போங்கள், வழியில் உதவும். பூங்கா வாசலில் உதவாது. அங்கே சுவரில் ஒரு கோடு இருக்கும். பிள்ளையின் தலை அதைத் தாண்டினால் டிக்கெட். நம் பக்கத்துப் பூங்காக்களில் அந்தக் கோடு பெரும்பாலும் 85, 90 செ.மீ. பக்கம்தான். உலக சுகாதார நிறுவனத்தின் அட்டவணைப்படி ரெண்டு வயது ஆண் பிள்ளையின் நடுத்தர உயரமே 87 செ.மீ. ஆகவே 85-இல் கோடு போடுவது நெட்டைப் பிள்ளைகளுக்கு விரித்த வலை என்று வருந்தாதீர்கள். ரெண்டு வயது முடிந்த பெரும்பாலோர் அதில் மாட்டுவார்கள். உங்கள் மகன் கொஞ்சம் சீக்கிரமாகவே மாட்டிவிட்டான், அவ்வளவுதான்.

குனிந்து நிற்க மட்டும் சொல்லிக் கொடுக்காதீர்கள். இந்த வயதில் சொன்னதற்கு நேர்மாறாகத்தான் செய்வார்கள். கோட்டுக்குப் பக்கத்தில் போய் எம்பிக் குதிப்பான்.

கே: எல்லா ஊரிலும் இதே கதைதானா?
- ஒரு வாசகர், ஆரணி

ப: இல்லை. சிங்கப்பூர் யுனிவர்சல் ஸ்டுடியோவில் 4 வயதுக்குள் இலவசம். அமெரிக்க டிஸ்னி பூங்காக்களில் 3 வயதுக்குள் இலவசம். அங்கெல்லாம் டிக்கெட்டுக்கு வயது, ராட்டினத்துக்கு உயரம். நெட்டைப் பிள்ளையைப் பெற்றவர்களுக்கு ஏற்ற ஏற்பாடு. விமானக் கட்டணத்தைக் கணக்கில் சேர்க்காதவரை லாபம்.

கே: பஸ்ஸில் கண்டக்டர் நம்ப மாட்டேன் என்கிறார். ரயிலிலும் சந்தேகமாகப் பார்க்கிறார்கள். என்ன செய்வது?
- நெட்டைப் பெண்ணின் அப்பா, போளூர்

ப: தமிழக அரசு பஸ்களில் 5 வயது வரை கட்டணம் இல்லை என்று 2022-இல் சட்டசபையிலேயே அறிவித்துவிட்டார்கள். ரயிலிலும் தனிப் படுக்கை கேட்காவிட்டால் 5 வயதுக்குள் டிக்கெட் வேண்டாம். வாதாடித் தொண்டையைப் புண்ணாக்கிக்கொள்ளாதீர்கள். 5 வயதுக்கு உட்பட்ட பிள்ளைகளுக்குத் தருகிற நீல நிற ஆதார் ஒன்று இருக்கிறது. அதை வாங்கிப் பர்ஸில் வைத்துக்கொள்ளுங்கள். பிறந்த தேதியைப் படிக்கக்கூட வேண்டாம், அந்த நீலமே பதில் சொல்லிவிடும்.

2024 மே மாதத்திலிருந்து திருவண்ணாமலைக்கும் சென்னை கடற்கரைக்கும் நேர் ரயில் ஓடுகிறது. விடியற்காலையிலேயே கிளம்பிவிடும். தூங்குகிற பிள்ளையைத் தோளில் போட்டுக்கொண்டு ஏறலாம். முழங்கால் வரை தொங்குகிற அவள் கால்களைப் பார்த்து யாராவது கேட்டால், நீலத்தை நீட்டுங்கள்.

கே: எங்கள் காலத்தில் காதைத் தொடச் சொல்லித்தான் பள்ளியில் சேர்த்தார்கள். இப்போது பூங்கா வாசலில் டேப் வைத்து அளக்கிறார்கள். எது மேல்?
- ஒரு தாத்தா, செங்கம்

ப: அப்படிக் கேளுங்கள் ஐயா! வலது கையைத் தலைக்கு மேலே கொண்டுபோய் இடது காதைத் தொட்டால் ஒன்றாம் வகுப்பு. தொடாவிட்டால் அடுத்த வருஷம். தொட்டவனுக்குத் தலைமையாசிரியர் வாயில் வந்த ஜூன் மாதத் தேதியே பிறந்த நாள். இதைக் கேட்டுச் சிரிப்பவர்கள் கொஞ்சம் யோசிக்கலாம். பிறந்த குழந்தைக்கு உடம்பில் கால் பங்கு தலை. பெரியவர்களுக்கு எட்டில் ஒரு பங்கு போலத்தான். ரெண்டு மூன்று வயதில் தலை பெரிது, கை குட்டை; அதனால் பிள்ளை எவ்வளவு நெட்டையாக இருந்தாலும் காது எட்டாது. உயரத்தை மட்டும் அளக்கிற டேப் ஏமாறும் இடத்தில் அந்தக் காலத்து வாத்தியார் ஏமாந்திருக்க மாட்டார். பூங்கா வாசலிலும் காதைத் தொடச் சொல்ல வேண்டும் என்பது என் கட்சி. வேங்கிக்கால் கலெக்டர் ஆபீசில் இதற்கு மனு வாங்குவார்களா தெரியாது.

கே: ஒரு ராட்டினத்தில் என் ரெண்டே முக்கால் வயது மருமகனைப் பார்த்து, “உயரம் சரியா இருக்கு, ஏத்துங்க” என்றார்கள். எனக்குப் பயமாக இருந்தது. ஏற்றலாமா?
- ஓர் அத்தை, கீழ்பென்னாத்தூர்

ப: உங்கள் பயம் சரி. மடிமேல் விழுகிற கம்பி உடம்பில் சரியாகப் படிய வேண்டும்; அதற்காகத்தான் உயரம் பார்க்கிறார்கள். அந்த உயரம் இருந்தால் நாலு வயதாவது இருக்கும், சொன்னால் கேட்டு உட்காரும் என்பது அதற்குள் ஒளிந்திருக்கும் நம்பிக்கை. உங்கள் மருமகனுக்கு நாலு வயது உயரம்தான் இருக்கிறது, புத்தி இன்னும் ரெண்டே முக்காலில் நிற்கிறது. பாதிச் சுற்றில் பலூன்காரரைப் பார்த்தால் எழுந்து நிற்பான்.

வீட்டிலேயே ஒரு பரீட்சை வையுங்கள். நாற்காலியில் உட்காரவைத்து, கைப்பிடியை விடாமல் மூன்று நிமிஷம் இருக்கச் சொல்லுங்கள். தேறினால் சின்ன ராட்டினம், அதுவும் நீங்கள் பக்கத்தில் உட்கார இடம் இருந்தால் மட்டும். திருவண்ணாமலை தீபத் திருவிழா ஜெயண்ட் வீலுக்கும் இதேதான் விதி. டிக்கெட் விஷயத்தில் உயரம் நமக்கு நஷ்டம் வைத்தது என்பதற்காக, ராட்டினத்தில் அதை வசூலிக்கப் பார்க்காதீர்கள்.

கே: என் பேரன் வரிசையில் நிற்க முடியாமல் தரையில் புரண்டு அழுதான். “இவ்ளோ பெரிய பையன் இப்படியா?” என்று நாலு பேர் கேட்டுவிட்டார்கள். கூனிக் குறுகிப் போனேன்.
- ஓர் ஆயா, வேங்கிக்கால்

ப: நெட்டைப் பிள்ளைகள் கட்டுகிற பெரிய அபராதம் இதுதான், டிக்கெட் காசெல்லாம் சில்லறை. அதே வயதுக் குட்டைப் பிள்ளை அழுதால், “பாவம், தூக்கம் வருது” என்று பக்கத்தில் நிற்பவர் விசிறிவிடுவார். நெட்டைப் பிள்ளை அழுதால் வளர்ப்பு சரியில்லை. கேட்டவர்களுக்குச் சொல்ல ஒரே வாக்கியம் போதும்: “மூணு வயசே இன்னும் ஆகலைங்க.” சொல்லிவிட்டு அவர்கள் முகத்தைப் பார்க்காமல் பிள்ளையைத் தூக்குங்கள். கனக்கும்தான். ஊரார் மட்டுமல்ல, நாமும் அவன் உயரத்தைப் பார்த்து, “நீ பெரிய பையன்ல?” என்று தினமும் வேலை வாங்குகிறோம். பெரியவனாக இருக்கச் சொல்லி அவனுக்கு யாரும் சம்பளம் தருவதில்லை ஆயா. வீட்டுக்குப் போய் உப்பு, மிளகாய் சுற்றிப் போட்டால் உங்கள் மனசு ஆறும். மதியத் தூக்கத்தைக் கெடுக்காமல் இருந்தால் அவன் அழுகை ஆறும்.

கே: கூட்டத்தில் பிள்ளை தொலைந்தால்?
- ஒரு வாசகி, தண்டராம்பட்டு

ப: மைக்கில், “மூணு வயசுப் பையனைக் காணோம்” என்று சொல்ல வைக்காதீர்கள். எல்லாரும் குட்டிப் பையனைத் தேடுவார்கள். உங்கள் பிள்ளை பக்கத்திலேயே நின்றாலும் கடந்துபோவார்கள். இடுப்பு உயரம், சிவப்புச் சட்டை என்று அடையாளம் சொல்லுங்கள். தீபத்தன்று போலீசார் பிள்ளைகள் கையில் போன் நம்பரோடு பட்டை கட்டிவிடுவார்களே, அதை நீங்களே வீட்டில் எழுதிக் கட்டிவிட்டுக் கிளம்புங்கள். அப்பா பேர் கேட்டால், “அப்பா” என்று பதில் சொல்கிற வயது.

கே: டிக்கெட் வாங்கியும் என் மகன் எதிலும் ஏறவில்லை. குழாயடித் தண்ணீரில்தான் நாள் முழுக்க விளையாடினான். பணத்தைத் திருப்பிக் கேட்கலாமா?
- ஓர் அப்பா, வேங்கிக்கால்

ப: தாராளமாகக் கேட்கலாம். என்ன சொன்னார்கள் என்று எனக்கும் ஒரு வரி எழுதிப் போடுங்கள்.