குழி காப்போர் சங்கம்

மெல்பர்ன் புறநகரில் சனிக்கிழமை காலை பால் வாங்கக் கடைக்குப் போனால், வண்டி நிறுத்துமிடத்தில் ஏதோ படையெடுப்புக்கு ஆயத்தம் நடக்கிறது என்று நினைப்பீர்கள். கங்காரு மோதினால் தாங்குவதற்கு முகப்பில் இரும்புக் கம்பி. ஆற்று வெள்ளத்திலும் இன்ஜின் மூச்சுவிடக் கண்ணாடி ஓரமாக மேலேறும் குழாய். கூரைமேல் கூடாரம், அதன் பக்கத்தில் மண்வெட்டி. இத்தனையும் சுமந்த வண்டியிலிருந்து இறங்குகிறவர் இரண்டு லிட்டர் பாலும் ஒரு பாக்கெட் ரொட்டியும் வாங்கிக்கொண்டு, நல்ல தார் ரோட்டில், சிக்னலுக்குச் சிக்னல் நின்று வீடு போய்ச் சேருவார். வீடு அடுத்த தெருதான்.

இவர்கள் எங்கே போவதற்கு இத்தனை தயாராக இருக்கிறார்கள் என்று பக்கத்து வீட்டுக்காரரைக் கேட்டேன். ரோடு மோசமாக இருக்கும் இடத்துக்கு என்றார். அதற்கென்றே ஃபோர் வீல் டிரைவ் கிளப்புகள் இருக்கின்றனவாம். ஆண்டுச் சந்தா உண்டாம். நான் நாமக்கல் பக்கத்துக் கிராமத்தான். மோசமான ரோட்டை அதுவரை இலவசமாகவே அனுபவித்து வந்தவன். காசு கொடுத்தால் அதில் அப்படி என்னதான் தருகிறார்கள் பார்ப்போமே என்று சேர்ந்துவிட்டேன்.

சேர்ந்த கையோடு காட்டுக்குள் விட்டுவிட மாட்டார்கள். முதலில் வகுப்பு. நான்கு சக்கர இயக்கம் என்றால் நான்கு சக்கரமும் சேர்ந்து இழுக்கும் என்றுதான் நாம் நம்பிக்கொண்டிருக்கிறோம். அது அப்படி இல்லை. சாதாரண டிஃபரன்ஷியல் இருக்கிறதே, அது எந்தச் சக்கரத்துக்குத் தடையே இல்லையோ அதையே சுற்றவிடும். ஒரு சக்கரம் குழிக்குமேல் அந்தரத்தில் தொங்கினால் அது பம்பரமாகச் சுற்றும். தரையில் ஊன்றி நிற்கிற சக்கரம் சும்மா நிற்கும். ஆபீஸில் பதவி உயர்வு கொடுப்பது போலத்தான். இந்த அநியாயத்தைத் தடுக்க டிஃப் லாக் என்று ஒன்று உண்டு. பட்டனைத் தட்டினால் இரண்டு சக்கரமும் ஒன்றாகச் சுற்றியாக வேண்டும். ஆபீஸுக்கு இன்னும் அது வரவில்லை.

பாடத்திட்டத்தில் பாதிக்குமேல் மாட்டிக்கொண்ட வண்டியை மீட்பது பற்றித்தான். வண்டி ஓட்டுவது நடுவில் ஓர் அத்தியாயமாக வருகிறது. அங்கேதான் எனக்குக் கிளப்பின் நோக்கம் லேசாகப் புரிபட்டது. மீட்பதற்கென்று ஒரு சாமான் பட்டியலும் கொடுத்தார்கள். இழுவைப் பட்டை, ஷேக்கிள், சேற்றில் டயருக்கு அடியில் செருகும் பிளாஸ்டிக் பலகைகள், காற்றடிக்கும் கம்ப்ரஸர், ரேடியோ, மரத்தில் இழுவைக் கம்பி கட்டும்போது பட்டை உரியாமல் இருக்க மரத்துக்கு ஒரு இடுப்புப் பட்டை. எல்லாம் வந்து வீட்டு வாசலில் இறங்கியபோது என் மனைவி கேட்டாள்: “ஏனுங்க, வண்டி வாங்கினீங்களா, பட்டறை வாங்கினீங்களா?”

விக்டோரியா மாநிலத்தில் காட்டுப்பாதைகளுக்குத் தரவரிசை இருக்கிறது: எளிது, நடுத்தரம், கடினம், மிகக் கடினம். ஒரு ரோடு மகா மோசம் என்று அரசாங்கமே வகுத்துச் சொல்கிறது. நம் ஊரில் இந்த நேர்மையை யாரிடம் எதிர்பார்ப்பது? அதோடு விடவில்லை. குளிர்கால மழையில் வண்டிகள் உழுதுவிடக் கூடாது என்று, மலைப்பகுதியின் பல பாதைகளை ஜூன் நடுவிலிருந்து அக்டோபர் கடைசிவரை கேட் போட்டுப் பூட்டிவிடுகிறார்கள். கெட்ட ரோடு மேலும் கெட்டுப்போகாமல் பாதுகாக்கிற அக்கறை அது. பாதையில் மரம் விழுந்தால், கிளப்காரர்கள் விடுமுறை நாளில், சொந்த டீசலில், செயின்சாவோடு போய் வெட்டி ஒதுக்குகிறார்கள். ஆனால் குழியில் கை வைப்பதில்லை. குழி பொதுச்சொத்து.

எங்கள் ஊர்க்காரர்கள் திங்கள்கிழமை தவறாமல் கலெக்டர் ஆபீஸ் குறைதீர்க்கும் கூட்டத்துக்குப் போய், ரோடு கேட்டு மனுக் கொடுத்தவர்கள். அந்த வரிசையில் நின்றவர்களில் என் அப்பாவும் ஒருவர். அவர் மெல்பர்னுக்கு வந்திருந்த சமயத்தில், கிளப் பயணம் ஒன்றுக்கு அவரையும் கூட்டிக்கொண்டு போனேன்.

அப்பா லாரிக்காரர். கிளீனராகத் தொடங்கி டிரைவராகி, அஸ்ஸாம் வரைக்கும் லோடு ஏற்றிப் போனவர். ஹ்யூம் நெடுஞ்சாலையில் ஏறியதும் என் வண்டி ரேடியோ அவர் கண்ணில் பட்டது. இங்கே லாரிக்காரர்களெல்லாம் 40ஆம் சேனலில் பேசிக்கொள்வார்கள் என்று சொன்னேன். அதையே வைக்கச் சொன்னார். இங்கிலீஷ், அதுவும் ஆஸ்திரேலிய லாரி இங்கிலீஷ். எனக்கே பாதி பிடிபடாது. அப்பா கண்ணை மூடிக் கேட்டுவிட்டு, “டீசல் விலையத்தான் பேசறாங்க” என்றார். கொஞ்ச நேரம் கழித்து, “இப்ப செக்போஸ்ட்டு” என்றார். இரண்டும் சரி.

மான்ஸ்ஃபீல்ட் ஊரைத் தாண்டி, ஹௌக்வா ஆற்றங்கரையில் எங்கள் அணி கூடியது. முதல் வேலை டயர்க் காற்றை இறக்குவது. 38இல் இருந்ததை 20க்குக் கொண்டுவர வேண்டும். எல்லோரும் சக்கரத்துக்குச் சக்கரம் குந்தி உட்கார்ந்து உஸ்ஸென்று காற்றைப் பிடுங்கிக்கொண்டிருந்தோம். அப்பா ஒவ்வொரு வண்டியாகப் பார்த்துக்கொண்டு வந்தார்.

“எதுக்குக் கண்ணு நல்ல காத்தைப் புடுங்கறீங்க?”

டயர் தளர்ந்தால் தரையில் நீளமாகப் படியும், கல்லில் வளைந்து கொடுக்கும், பிடிப்பு கிடைக்கும், பாதையும் அதிகம் பறிபடாது என்று வகுப்பில் படித்ததை ஒப்பித்தேன். அப்பா தலையாட்டினார்.

“போற எடத்துல பஞ்சர் கடை இருக்குதா?”

“இல்லீங்கப்பா.”

“டீக்கடை?”

“இல்லீங்கப்பா.”

“அப்பறம் எந்த ஊருக்குத்தான் போகுது இந்தத் தடம்?”

“ஊருக்கெல்லாம் போகலீங்கப்பா. மலையைச் சுத்தி மறுபடி இங்கயேதான் வருது.”

அப்பா வண்டியின் பின்பக்கம் போய் எட்டிப் பார்த்தார். “லோடு?”

“லோடே இல்லீங்கப்பா.”

அதற்குப் பிறகு அரைமணி நேரம் அவர் பேசவில்லை.

அணிவகுப்புக்கு ஒரு விதி உண்டு. முன்னால் போகிற வண்டியை விரட்டிக்கொண்டு போகக் கூடாது. பின்னால் வருகிற வண்டிதான் உங்கள் பொறுப்பு. திருப்பம் வந்தால், பின்னால் வருகிறவர் உங்களைப் பார்த்துவிட்டார் என்று தெரியும்வரை அங்கேயே நிற்க வேண்டும். இதை ஒழுங்காகச் செய்தால் யாரும் காட்டில் தொலைய மாட்டார்கள். ரேடியோவில் தலைவர் வழி சொல்லிக்கொண்டே போவார்: இடதுபுறம் கல், வலதுபுறம் பள்ளம், எதிரே சைக்கிள்காரர். மற்றவர்கள் அதை ஆமோதிப்பார்கள். ஆமோதித்துவிட்டு அதே கல்லில் ஏறி, அதே பள்ளத்தில் இறங்குவார்கள்.

மழைநீர் பாதையை அரித்துவிடாமல் ஓரமாகத் திருப்பிவிட, குறுக்கே மண்மேடுகள் போட்டிருந்தார்கள். ஒவ்வொன்றிலும் ஏறும்போது வண்டியின் மூக்கு தூக்கிக்கொள்ளும்; கண்ணாடி முழுக்க வானம்தான் தெரியும். இறங்குகிற பக்கம் பாதை இருக்கிறது என்பது நம்பிக்கை சார்ந்த விஷயம். செங்குத்து இறக்கத்தில் லோ ரேஞ்சில் முதல் கியரைப் போட்டு, பிரேக்கை மிதிக்காமல், இன்ஜினையே பிடிமானமாக வைத்து இறக்கினேன். கொல்லிமலையின் 70 கொண்டை ஊசி வளைவுகளையும் பலமுறை பார்த்த அப்பா திரும்பி என்னைப் பார்த்தார். “கியர்லயே எறக்கறே. சரி.” என் வாழ்நாளில் அவரிடமிருந்து கிடைத்த பாராட்டுகளில் இதுதான் நீளமானது.

பிறகு அந்தக் குழி வந்தது. பாதையின் அகலம் முழுக்கச் சேறு. நடுவில் தேநீர் நிறத்தில் தண்ணீர், ஆழம் தெரியாது. அதன் இடதுபக்கமாக, மரங்களுக்கு இடையில், காய்ந்த தரையில் அருமையான ஒரு சுற்றுவழி போயிற்று. குழந்தைகூட சைக்கிளில் போய்விடலாம்.

“பக்கத்துலயே நல்ல தடம் கெடக்குதே, அதுல போக வேண்டீதுதானே?” என்றார் அப்பா.

நான் குரலைத் தாழ்த்தி, அந்த மாதிரி வழிக்கு இங்கே சிக்கன் டிராக் என்று பேர், அதில் போனால் கோழை என்று அர்த்தம், கௌரவமானவர்கள் போக மாட்டார்கள் என்று விளக்கினேன். நாமக்கல்காரரிடம் கோழியை இழிவாகப் பேசியிருக்கக் கூடாது. “கோழியாலதான் ஊரே சோறு திங்குது” என்றார்.

அணியிலேயே புதிய, அணியிலேயே விலை உயர்ந்த வண்டி முதலில் இறங்கியது. நடுக்குழியில் நின்றது. சக்கரம் சுற்றச் சுற்ற, வண்டி இறங்கிக்கொண்டே போயிற்று. அந்தக் கணம் கிளப் முழுக்க ஒரு மலர்ச்சி பரவியது பாருங்கள்! எல்லா வண்டியின் கதவுகளும் திறந்தன. மடக்கு நாற்காலிகள் விரிந்தன. ஃபிளாஸ்க் வந்தது, கேமரா வந்தது. காலையிலிருந்து ஒருவருக்கொருவர் ரேடியோவில் மட்டுமே பேசிக்கொண்டவர்கள், முழங்கால் சேற்றில் நின்று, பலகையை எந்தக் கோணத்தில் செருகுவது என்று விவாதித்தார்கள். மாட்டிக்கொண்டவர்தான் எல்லோரையும்விடச் சந்தோஷமாக இருந்தார்.

“வண்டி மாட்டிக்கிட்டா டிரைவர் தலையில கைவெச்சு உக்காருவான். இங்க என்ன கண்ணு, கல்யாணக்களை?” என்றார் அப்பா.

இழுவைப் பட்டை நைலான். ஐந்தில் ஒரு பங்கு நீளும். இழுக்கிற வண்டி கொஞ்சம் வேகமெடுத்துக் கிளம்ப, பட்டை நீண்டு, பிறகு சுருங்குகிற விசையில் மாட்டிய வண்டியை வெளியே கொண்டுவரும். வேடிக்கையெல்லாம் அதுவரைதான். பட்டையை அதற்கென்று பொருத்திய கொக்கியில்தான் மாட்ட வேண்டும். டிரெய்லர் இழுக்கும் இரும்புக் குண்டில் மாட்டினால், அது பிய்ந்து பீரங்கிக் குண்டாகப் பறக்கும். ஆஸ்திரேலியாவில் அப்படி உயிர்கள் போயிருக்கின்றன. பட்டை அறுந்தால் வீசியடிக்காமல் இருக்க, அதன்மேல் கனமான துணியைப் போட்டார்கள். நாற்காலிகள் எல்லாம் தூரப் போயின. எழுபதைத் தாண்டிய எங்கள் தலைவர் கையை உயர்த்தினார். ஒரே இழுப்பு. சேறு ‘ப்ளக்’ என்று ஒரு சத்தம் போட்டு வண்டியைக் கொடுத்தது. கைதட்டல்.

அடுத்த வண்டிக்கு முன்னால் நின்று வழிகாட்ட ஒருவர் வேண்டும். ஒருவர்தான் காட்ட வேண்டும், மற்றவர்கள் வாயைத் திறக்கக் கூடாது என்பது வகுப்பில் படித்த விதி. தலைவர் ஆள் தேடித் திரும்புவதற்குள், அப்பா வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு குழிக்கு எதிரே போய் நின்றுவிட்டார். “வரட்டும்... வரட்டும்... லெஃப்ட்ல ஒடி... நேர் பண்ணு... வரட்டும்... வரட்டும்... ரைட்டே!” டிரைவர் இருக்கையில் இருந்த வெள்ளைக்காரப் பெண்மணிக்கு ஒரு சொல்லும் தெரியாது. வண்டிக்குத் தெரிந்திருந்தது. குழியின் விளிம்போரம் ஊர்ந்து, மேடேறி, அந்தப் பக்கம் போய் நின்றது. அதன்பின் வந்த எந்த வண்டியும் மாட்டவில்லை.

கைதட்டல் இந்தமுறை கொஞ்சம் சோகமாக இருந்தது. நாற்காலிகளை மடித்தார்கள். ரேடியோவில் ஒருவர், உங்கள் அப்பா எந்தக் கிளப்பில் பயிற்சி எடுத்தார் என்று கேட்டார். அதில் ஆர்வத்தைவிட ஆதங்கம்தான் அதிகம்.

மதியம் கிரெய்க்ஸ் ஹட் போய்ச் சேர்ந்தோம். மவுன்ட் ஸ்டிர்லிங் சரிவில், மலைத்தொடர்களைப் பார்த்தபடி நிற்கும் மரக்குடிசை. மாட்டுக்காரர்கள் தங்கிய பழைய குடிசை என்று அப்பா நினைத்துக்கொண்டார். 1982இல் வந்த ‘த மேன் ஃப்ரம் ஸ்னோயி ரிவர்’ படத்துக்குப் போட்ட செட் அது. படம் முடிந்தும் கலைக்காமல் விட்டார்கள். 2006 டிசம்பரில் காட்டுத்தீயில் எரிந்துபோனது. எரிந்த செட்டை மறுபடியும் கட்டி வைத்திருக்கிறார்கள். “சினிமா செட்டைப் பாக்கவா குழியில உழுந்து வந்தோம்?” என்ற கேள்விக்கு நான் புளிசாதத்தைப் பிரித்துப் பதில் சொன்னேன்.

இராத்திரி ஆற்றங்கரை முகாமில், டார்ச் வெளிச்சத்தில் பெரிய மான் ஒன்று நின்றது. அப்பா பார்த்த மாத்திரத்தில், “இது நம்மூர்க் கடமான்” என்றார். உண்மை. 1860களில் இலங்கையிலிருந்தும் இந்தியாவிலிருந்தும் கொண்டுவந்து விட்ட சாம்பர் மான்களின் வாரிசுகள். இந்த மலைகளில் பல்கிப் பெருகி, தோட்டந்துரவுகளை மேய்ந்து, இப்போது அரசாங்கத்துக்குத் தலைவலியாகிவிட்டன. என்னை இங்கிலீஷ் பரீட்சை எழுத வைத்துப் புள்ளிக் கணக்குப் போட்டு உள்ளே விட்டவர்கள், இவற்றிடம் ஒரு காகிதம்கூடக் கேட்கவில்லை.

அப்பா ஊர் திரும்பிச் சில மாதங்கள் கழித்து, கிளப் கூட்டத்தில் துக்கமான ஒரு செய்தி வந்தது. நாங்கள் வழக்கமாகப் போகிற பாதை ஒன்றில் மண்சமன் செய்யும் இயந்திரம் இறங்கப்போகிறதாம். ஜல்லியும் கொட்டுவார்களாம். ஒருவர் தலையைப் பிடித்துக்கொண்டார். இன்னொருவர், நம் பேரப்பிள்ளைகள் எங்கே போய்ச் சிக்குவார்கள் என்று தழுதழுத்தார். பாதையை இருக்கிறபடியே விட்டுவிடுங்கள் என்று மனு தயாரானது. நானும் கையெழுத்துப் போட்டேன்.

ஞாயிற்றுக்கிழமை போனில் அப்பாவிடம் சொன்னேன். மறுமுனையில் நெடுநேரம் பேச்சில்லை. திட்டத்தான் போகிறார் என்று காதைக் கொஞ்சம் தள்ளி வைத்துக்கொண்டேன்.

“ஏங்கண்ணு, அந்த ஜல்லி அவங்களுக்கு வேண்டாமாமா?”

“வேண்டாங்கறாங்கப்பா.”

“அப்ப அதை நம்மூருக்கு அனுப்பச் சொல்லிக் கீழ ஒரு வரி சேர்த்து எழுது. லாரி வாடகையை நான் பேசிக்கறேன்.”