தேங்காய்க் கணக்கும் வாத்தியார் கணக்கும்

வாங்க வாத்தியார் தம்பி, உக்காருங்க. காய்கறிக் கடைக்காரர் மவனை ‘மக்கு’ன்னு சொல்லிட்டீகளாமே? ரொம்பச் சரி. ஐநூறு ரூவாத் தாளுக்குக் கண்ணை மூடிக்கிட்டு மீதி எண்ணிக் குடுக்கிற பய, உங்க கரும்பலகையைப் பாத்தா முழிக்கான். மக்கு இல்லாம வேற என்ன?

எம்பேத்தி பி.எட். படிக்கா. அவ ஒரு சங்கதி வாசிச்சுச் சொன்னா. பிரேசில் தேசத்துல ரெசீஃபின்னு ஒரு ஊரு. அங்க தெருவுல யாவாரம் பண்ணுன அஞ்சு பிள்ளைககிட்ட, ஆராய்ச்சிக்காரவுக சாமான் வாங்குற சாக்குல கணக்குக் கேட்டாக. நூத்துக்கு 98 சரி. தாளும் பென்சிலும் குடுத்து வெறும் எண்ணை நீட்டுனா 37தான் தேறுச்சு. ஒரு பயகிட்ட தேங்கா 35ன்னா பத்துக் காய் எம்புட்டுன்னாக. மூணு காய்க்கு 105, இன்னொரு மூணு 210, இன்னொரு மூணு 315, மிச்ச ஒண்ணையும் சேத்து 350ன்னு அடுக்கிட்டான். சைபர் சேக்கிற உங்க குறுக்குவழி அவனுக்குத் தேவைப்படல. இது 1985-ல வந்த ஆராய்ச்சி.

வெளிதேசத்துக் கதைன்னு நழுவிராதீக. கொல்கத்தா, டெல்லிச் சந்தைப் பிள்ளைகளைப் பத்தியும் இதே சங்கதி 2025-ல ‘நேச்சர்’ பத்திரிகையில வந்திருக்கு. எழுதுனவுகள்ல நோபல் வாங்குன அபிஜித் பானர்ஜியும் எஸ்தர் டூஃப்லோவும் உண்டு. அதுல இன்னொரு கூத்து: பள்ளிக்கூடமே கதின்னு கிடக்கிற பிள்ளைக, தாள்ல போட்டுட்டு யாவாரக் கணக்குல தடுமாறுதாக! உங்க முதல் ரேங்க்குப் பயலை முக்காக் கிலோ கத்தரிக்காய்க்கு வெலை சொல்லச் சொல்லுங்க. அவனுக்கு என்ன பட்டம் குடுக்கப் போறீக?

நம்ம சர்க்காரு 2022-ல ‘எண்ணும் எழுத்தும்’ திட்டத்தைக் கொண்டாந்து, அரும்பு, மொட்டு, மலர்னு சின்னப் பிள்ளைகளுக்கு அவுகவுக நெலை பாத்துச் சொல்லிக் குடுக்கச் சொல்லுச்சு. நல்ல ரோசனை. ஆனா அரும்பை வருசம் பூராவும் கடைசி வரிசையிலயே அரும்பா உக்கார வச்சா, அது நெலை இல்ல தம்பி, சாதி.

பிள்ளை வாயால போடுற கணக்கைப் பலகையில எழுதுங்க. பலகைக் கணக்கைச் சந்தைக்குக் கூட்டிட்டுப் போங்க. ரெண்டுக்கும் நடுவுல நடக்கிறதுக்குத்தான் உங்களுக்குச் சம்பளம்.