ஒரே வரியில் சர்வ சமத்துவம்

மகான்கள் ஆயுள் முழுதும் உபதேசித்தும் கைகூடாத சர்வ சமத்துவத்தை, இணையத் தரவுத்தளத்தில் எஸ்க்யூஎல் மொழியின் ‘அப்டேட்’ ஆணையானது, ‘வேர்’ என்னும் நிபந்தனையை எழுத மறந்த ஒரு குமாஸ்தாவின் கிருபையால், க்ஷண நேரத்தில் ஸ்தாபித்துவிடுகிறது: ஒரு சந்தாதாரரின் விலாசத்தை மாற்றப் போக, அட்டவணையிலுள்ள அத்தனை பேரும் அவர் வீட்டிலேயே குடியேறிவிடுகிறார்கள். செய்ததைத் திரும்பப் பெறும் ‘ரோல்பேக்’ என்ற பிராயச்சித்தம் உண்டுதான். ஆனால் அது, மாற்றம் ‘கமிட்’ ஆகி உறுதிப்படுவதற்கு முன்பே செய்யப்பட வேண்டியது. மைஎஸ்க்யூஎல் என்னும் தரவுத்தள மென்பொருளோ, வேறுவிதமாகச் சொல்லிவைக்காவிட்டால், ஒவ்வோர் ஆணையையும் அப்போதைக்கப்போதே உறுதிசெய்துவிடும் சுறுசுறுப்புடையது. இந்த அனர்த்தத்தைத் தடுக்க அதன் கர்த்தாக்கள் தட்டெழுதிக் கேட்டால் மட்டும் இயங்கும் ஒரு காப்பு ஏற்பாட்டைச் செய்து, ‘நான் ஒரு மண்டு’ என்று பொருள்படும் மாற்றுப் பெயரையும் அதற்குச் சூட்டியிருக்கிறார்கள். அப்படித் தட்டெழுதிக் கொடுக்கச் சம்மதிக்கும் விவேகிக்கு அந்தக் காப்பு அநாவசியம். அது அவசியப்படுபவரோ அதை ஒருநாளும் தட்டெழுத மாட்டார்.