பாட்டுக் கேட்டு இளைப்பாறச் சில வழிமுறைகள்

வேலை முடிந்து வீடு திரும்பி, பாட்டுக் கேட்டு மனசை ஆற்றிக்கொள்ள நினைப்பவர்கள் முதலில் பாட்டைத் தேட வேண்டும். இதற்கு முக்கால் மணி நேரமாவது ஒதுக்குங்கள். செல்போனில் 'இளையராஜா' என்று தட்டியதும் இரவு நேர ராஜா, மழைக்கால ராஜா, பஸ் பயண ராஜா என்று தொகுப்புகள் வரிசைகட்டும். எல்லாவற்றிலும் அதே பாட்டுகள்தான், இடம் மாறி உட்கார்ந்திருக்கும். இருந்தாலும் ஒன்று விடாமல் திறந்து பார்ப்பதுதான் முறை. ஆரம்ப மியூசிக் முடிந்து எஸ்.பி.பி. வாயைத் திறப்பதற்குள் அடுத்ததற்குத் தாவிவிட வேண்டும். இதைவிட நல்லது ஒன்று கீழே இருக்கும் என்ற நம்பிக்கை மட்டும் போய்விடக் கூடாது.

அடுத்து ப்ளூடூத் ஸ்பீக்கர். அது உங்கள் போனோடு சேராது. பக்கத்து அறையில் விளையாடிக்கொண்டிருக்கும் பையனின் போனோடு சேர்ந்து துப்பாக்கியால் சுடும். அதையும் தாள வாத்தியமாகப் பாவிக்கப் பழகிக்கொண்டால் பாதி வேலை முடிந்தது.

பாட்டைத் தேர்ந்தெடுக்கும்போது சந்தோஷப் பாட்டுப் பக்கமே போகாதீர்கள். மேனேஜரிடம் வாங்கிக் கட்டிக்கொண்டு வந்தவருக்கு, பனிமலையில் இரண்டு பேர் குளிராமல் ஆடுவது வயிற்றெரிச்சலைத்தான் தரும். நமக்குத் தோது சோகப் பாட்டு. தமிழ்நாட்டில் அலுப்பு தீர அதை மிஞ்சிய மருந்து கிடையாது. 'கண்ணே கலைமானே'யை எடுத்துக்கொள்ளுங்கள். படம் 'மூன்றாம் பிறை', வெளிவந்தது 1982இல். எழுதிய கண்ணதாசன் 1981 அக்டோபரிலேயே போய்விட்டார். அவர் சினிமாவுக்கு எழுதிய கடைசிப் பாட்டு என்று இதைத்தான் சொல்கிறார்கள். ஜேசுதாஸ் குரலில் கமல் தாலாட்டித் தூங்கவைக்கும் அந்தப் பெண், கடைசியில் ஆளையே அடையாளம் தெரியாமல் ரயிலேறிப் போய்விடுவாள். இத்தனை துக்கமும் தெரிந்தவர்கள்தான் அதைப் போட்டுவிட்டு நிம்மதியாகக் கொட்டாவி விடுகிறார்கள். நம் அழுகையை வேறொருவர் சுருதி சுத்தமாக அழுதுகொடுத்துவிடுவதால் இருக்கலாம். பி.பி.ஸ்ரீனிவாஸும் இந்த வகையில் சிறந்தவர். கோபப்படவே தெரியாத குரல்.

கர்நாடக சங்கீதக்காரர்களுக்கு வேலை இன்னும் சுலபம். அரியக்குடி ராமானுஜ ஐயங்கார் வகுத்துக் கொடுத்ததாகச் சொல்லப்படும் கச்சேரி பத்ததியில் வர்ணம், கீர்த்தனைகள், ராகம் தானம் பல்லவி, தனி ஆவர்த்தனம் எல்லாம் முடிந்த பிறகுதான் துக்கடா வரும். நீங்கள் நேரே துக்கடாவுக்குப் போய்விடலாம். பல்லவி ஆபீசிலேயே ஆகிவிட்டது. தனியை மேனேஜர் வாசித்துவிட்டார். நீலாம்பரி கேட்டால் தூக்கம் வரும் என்பது பெரியவர்கள் வாக்கு. கேளுங்கள், தப்பில்லை. ஆனால் பாட்டு முடிந்ததும் செல்போன் தானாக அடுத்ததைப் போடும். அது வேங்கடேச சுப்ரபாதமாக இருந்துவிட்டால் இரவு பதினொன்றரைக்கு எம்.எஸ். பெருமாளை எழுப்ப ஆரம்பிப்பார். பெருமாள் எழுகிறாரோ இல்லையோ, மாமியார் எழுந்து பல் தேய்க்கப் போய்விடுவார்.

கூட உட்கார்ந்து கேட்க, பாட்டு தெரிந்த சித்தப்பா யாரையும் சேர்த்துக்கொள்ள வேண்டாம். "இது என்ன ராகம், சொல்லு பாப்போம்?" என்று ஆரம்பிப்பார். எந்தப் பாட்டாக இருந்தாலும் "கொஞ்சம் கலப்பு இருக்கு சித்தப்பா" என்று சொல்லிவைத்தால் தப்பிக்கலாம். ஆனால் எம்.எஸ்.வி.யா ராஜாவா என்ற இடத்துக்கு அவர் வந்துவிட்டால் அன்றைக்குத் தூக்கம் இல்லை. அப்போது கைகொடுப்பவை வார்த்தையே இல்லாத இசைத்தட்டுகள். ராஜாவின் 'ஹவ் டு நேம் இட்' 1986இல் வந்தது; தியாகராஜருக்கும் பாக்குக்கும் காணிக்கையாக்கப்பட்டது. அதில் வி.எஸ்.நரசிம்மனின் வயலின். 1988இல் வந்த 'நத்திங் பட் விண்ட்' தட்டில் ஹரிபிரசாத் சௌராசியாவின் புல்லாங்குழல். யார் எழுதிய வரி என்று சண்டை போட அங்கே வரியே கிடையாது.

இதெல்லாம் பலிக்காமல் போனவர்கள் பொள்ளாச்சியிலிருந்து உடுமலை போகும் தனியார் பஸ் ஒன்றில் சாயங்காலம் ஏறிப் பார்க்கலாம். ஜன்னலோர சீட், தலைக்கு மேல் ஸ்பீக்கர். டிரைவர் போட்டதுதான் பாட்டு; மாற்றச் சொல்ல வாய் வராது. சரணத்துக்கு நடுவே கண்டக்டர் விசில் கொடுப்பார், அதுவும் தாளத்துக்குள்ளேயே விழுந்ததுபோல் இருக்கும். இறங்க வேண்டிய ஸ்டாப்பைத் தாண்டித் தூங்கியவர்கள் அந்த வழித்தடத்தில் நிறைய. அந்தத் தூக்கம் வீட்டில் வராததற்கு ஸ்பீக்கரைக் குறை சொல்லிப் பயனில்லை. தோஷம் நம் கட்டைவிரலில் இருக்கிறது. 1957இல் தொடங்கிய விவித் பாரதியையும் இலங்கை வானொலியையும் கேட்டு வளர்ந்தவர்களுக்குத் தேடும் வேலை இருந்ததில்லை. நேயர் விருப்பம் என்று பெயர், விருப்பம் எந்த ஊர் நேயருடையதோ. பிடித்த பாட்டு வந்தால் கேட்டார்கள்; பிடிக்காதது வந்தால் எழுந்துபோய் அடுப்பில் பாலைப் பார்த்தார்கள்.

ஆகவே செல்போனை அம்மாவிடமோ மனைவியிடமோ கொடுத்து, "ஏதாவது போடு" என்று சொல்லிவிட்டுக் காலை நீட்டிவிடுங்கள். டி.எம்.எஸ். பாடிய முருகன் பாட்டு வந்தாலும் சரி, கல்யாண வீட்டு நாதஸ்வரம் வந்தாலும் சரி, மறுபேச்சு கூடாது. நடுவில் மனை விற்பனை விளம்பரம் வந்தால் அதையும் கண்ணை மூடியே கேட்க வேண்டும். சதுர அடி விலையைக் கணக்குப் போடக் கூடாது.

ஒரு வேண்டுகோள்: பத்தரைக்கு மேல் கேட்பவர்கள் தயவுசெய்து இயர்போன் மாட்டிக்கொள்ளவும். மேல்வீட்டுக்காரருக்குக் காலை ஆறு மணி ஷிஃப்ட்.