மின்னூல் விலையும் மந்தக் கருவியின் மாண்பும்

தாளில்லை, அட்டையில்லை, கிடங்கு வாடகையில்லை. ஆகவே மின்னூல் சும்மாவே கிடைக்க வேண்டும் என்பர் ஒரு சாரார். அது பொருந்தாது. என்னை? தாளில்லாத நூலையும் ஒருவர் உட்கார்ந்து எழுதித்தான் தொலைக்க வேண்டியிருக்கிறது.

2007 நவம்பரில் அமேசானின் மின்னூல் படிக்கும் கருவியான கிண்டில் 399 டாலருக்கு வந்தபோது, நன்றாக விற்கும் புது நூல்களுக்கு அமேசான் இட்ட விலை 9.99 டாலர். பத்து என்றால் யோசிக்கிற வாசகர் 9.99 என்றால் கார்டை எடுத்துவிடுவார். அந்த ஒரு சென்டின் மகிமை பதிப்பாளர்களுக்குப் பிடிபடவில்லை. 2010இல் ஐபேடோடு ஆப்பிள் வரவும், ஐந்து பெரும் பதிப்பகங்கள் விலை வைக்கும் உரிமையைத் தம் கைக்கு மாற்றிக்கொண்டன, 9.99 பலவும் 12.99, 14.99 ஆயின. எல்லோரும் கூடிப் பேசி விலையேற்றினார்கள் என்று அமெரிக்க அரசு 2012இல் வழக்குப் போட்டது. ஆப்பிள் சதிக்கு உடந்தை என்று 2013இல் தீர்ப்பாகி, கடைசியில் 45 கோடி டாலர் கைவிட்டுப் போனது. மூன்று, ஐந்து டாலர் வேறுபாட்டுக்கு இத்தனை நீண்ட உரை வேறெங்கும் கண்டிலம்.

நம் வரிநூலார் இதனினும் நுட்பர். அச்சு நூலுக்கு ஜிஎஸ்டி இல்லை. மின்னூலுக்கு இருந்த 18 விழுக்காட்டை 2018 ஜூலையில் 5 ஆக்கினார்கள். அதுவும் அச்சுப் பதிப்பு உள்ளவற்றுக்கு மட்டும். அதாவது உடலுக்கு வரியில்லை. உடலெடுத்த நூலின் ஆவிக்கு 5. உடலே எடுக்காமல் ஆவியாகவே பிறந்ததற்கு 18. ஆன்மாக்களை மூவகையாகப் பகுத்த சைவ சித்தாந்திகளும் அவற்றுக்கு விழுக்காடு விதிக்கவில்லை.

இனிக் கருவி. கிண்டில் போன்றவற்றின் திரையில் நுண்ணுறைகளுக்குள் கறுப்பும் வெள்ளையுமான துகள்கள் மின்னூட்டத்துக்கேற்ப மேலும் கீழும் நகரும். நகர்ந்தபின் அப்படியே நிற்கும். பக்கம் மாறும்போதுதான் திரைக்கு மின்சாரம் வேண்டும். முதல் பக்கத்திலேயே தூங்கிவிடுகிறவர்களிடம் சார்ஜ் வாரக்கணக்கில் நிற்பது இதனாலேயே.

அற்றேல் கைபேசியில் படித்தாலென்ன எனின், படிக்கலாம். மூன்றாம் பக்கத்தில் மாமா குடும்பக் குழுவில் காலை வணக்கம் அனுப்புவார். எனவே ஒரு கருவியை அது செய்யாதவற்றைக் கொண்டே மதிப்பிடுக. வண்ணத்திரை, பேனா எல்லாம் ஆடம்பரம். இணைய உலாவி உண்டெனினும் குற்றமில்லை: பக்கம் திறப்பதற்குள் ஆசை அடங்கிவிடும். கடையிலேயே பார்க்க வேண்டியது ஒன்றுண்டு. தமிழ்க் கோப்பு ஒன்றை ஏற்றி, ஒற்றைக்கொம்பு எழுத்துக்கு முன்னால் நிற்கிறதா, பின்னால் போய் ஒளிகிறதா என்று கவனிக்க. ஒளிந்தால், எவ்வளவு தள்ளுபடி தந்தாலும் வேண்டா.

காசு கொடுத்தபின் நூல் யாருடையது என்பது தனி அதிகாரம். 2009 ஜூலையில், உரிமை இல்லாதவர் விற்றார்கள் என்று ஆர்வெல்லின் '1984' நாவலை வாசகர்களின் கிண்டில்களிலிருந்து அமேசான் தானே அழித்து, பணத்தைத் திருப்பித் தந்தது. பலரும் கொதித்தார்கள். அச்சு நூலை இரவல் கொண்டுபோனவர் நூலையோ பணத்தையோ திருப்பித் தந்ததற்குச் சான்று கிடைக்காத நம் சூழலில், அமேசான் செயலைப் பெருந்தன்மை என்றே கொள்க.